வண்டி குதிக்கிறதா? குறையைக் கண்டுபிடிப்பது எப்படி?



தராசு சற்றே சாய்ந்தால் உடனே கவனிக்கிறோம். கல்லாவில் ஐம்பது ரூபாய் குறைந்தால் இரவு உட்கார்ந்து கணக்கைப் புரட்டிப் பார்க்கிறோம். ஆனால் கடைக்குச் சரக்கு கொண்டுவரும் வண்டி குதித்துக் குதித்து ஓடினால் மட்டும், "ரோடு அப்படி இருக்கிறது, வண்டி என்ன செய்யும்?" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். நாமும் பல காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். அதனால் பட்ட நஷ்டத்தையும், பிறகு தெரிந்துகொண்ட விஷயங்களையும் இங்கே எழுதுகிறோம். நாம் மெக்கானிக் அல்ல. மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். இத்தனை ஆண்டுகள் வண்டி வைத்து ஓட்டியதில் கற்ற பாடம் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்பதே நோக்கம்.

நடந்தது இதுதான்

நமது கடையில் ஒரு மாருதி ஆம்னி வண்டி உண்டு. 1984-ல் 'மாருதி வேன்' என்று வந்து, பிறகு ஆம்னி என்று பெயர் மாறி, 2019-ல் தயாரிப்பு நிறுத்தப்பட்ட வண்டி அது. தயாரிப்பு நின்றாலும் இன்றும் எத்தனையோ கடைகளுக்கு அதுதான் கை கால். உசிலம்பட்டி பக்கத்துக் கடைகளுக்கு வாரம் இரண்டு நடை போய் வரும். எண்ணெய் டின், ஊறுகாய் பாட்டில், அப்பளக் கட்டு, ரோஸ் மில்க் பாட்டில் என்று கலந்த சரக்கு.

ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு ஒவ்வொரு நடையிலும் ஏதாவது உடைந்து வந்தது. இரண்டு ஊறுகாய் பாட்டில், ஒரு எண்ணெய் டின்னின் ஓரம் கசிவு, அப்பளம் பாதி நொறுங்கல். வண்டி ஓட்டுகிற தம்பி, "அண்ணாச்சி, பின்னால தூக்கித் தூக்கிப் போடுது. ஒரு தடவ பட்டறையில காட்டணும்" என்று சொன்னார். நாம் கேட்கவில்லை. "நீ வேகமாகப் போகிறாய். மெதுவாகப் போனால் ஏன் உடைகிறது?" என்று திருப்பிக் கேட்டோம். அத்தோடு விடாமல், உடைந்த சரக்கின் விலையை மூன்று முறை அவர் சம்பளத்தில் பிடித்தோம். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். ஏனென்றால் நம்மைப் போல் பிடித்தவர்கள் இந்த இதழைப் படிப்பவர்களிலும் சிலர் இருப்பார்கள்.

பிறகு ஒரு பட்டறைக்கு அனுப்பினோம். அங்கே வண்டியைக் கீழே குனிந்துகூடப் பார்க்காமல், "சுமை தாங்கவில்லை, பின்னால் ஒரு பிளேட் கூடுதலாகப் போட்டுவிடலாம்" என்றார்கள். போட்டார்கள். டயரிலும் காற்றை ஏற்றி விட்டார்கள். குதிப்பு முன்னைவிட அதிகமாகிவிட்டது.

ஒரு நாள் வசூலுக்காக நாமே அந்த வண்டியில் போனோம். சரக்கை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பி வரும்போது, செக்கானூரணி தாண்டி ஒரு வேகத்தடை. அதில் ஏறி இறங்கியதும் வண்டியின் பின்புறம் ஆடிக்கொண்டே இருந்தது. அந்த ஆட்டம் அடங்குவதற்குள் சைக்கிளில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் குறுக்கே வந்துவிட்டான். தம்பி பிரேக் போட்டார். வண்டி நிற்காமல், பின் சக்கரம் தத்தித் தத்தி இழுத்துக்கொண்டு போய், பையனுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. வேகம் முப்பதுதான் இருக்கும். பையன் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். நமக்குத்தான் கை நடுக்கம் வீடு வரும்வரை நிற்கவில்லை. தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. "நான் சொன்னேன் அல்லவா" என்று அவர் கேட்டிருந்தால்கூட நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் வேறொரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அவர் கால் மணி நேரத்தில் குறையைச் சொல்லிவிட்டார். அவர் பார்த்த முறையைத்தான் கீழே விவரிக்கிறோம்.

வில்லின் வேலை வேறு, எண்ணெயின் வேலை வேறு

நம் வயதுக்காரர்களுக்குக் கட்டை வண்டியும் தெரியும், வில் வண்டியும் தெரியும். கட்டை வண்டியில் பாரம் நேராக அச்சின் மேல் உட்காரும். கல்லில் சக்கரம் ஏறினால் அந்த அடி முழுவதும் உட்கார்ந்திருப்பவரின் முதுகில் இறங்கும். வில் வண்டியில் அச்சுக்கும் பெட்டிக்கும் நடுவே இரும்புப் பட்டைகளை அடுக்கி வளைத்த வில் இருக்கும். அடியை அந்த வில் வாங்கிக்கொள்ளும். இன்று லாரியிலும் குட்டி யானையிலும், ஆம்னியின் பின்புறத்திலும், பழைய அம்பாசடர் காரின் பின்புறத்திலும் இருப்பது அதே வில்தான். பட்டறையில் 'பிளேட்' என்று சொல்கிறார்கள். கார்களில் பெரும்பாலும் சுருள் ஸ்பிரிங் இருக்கும். வேலை ஒன்றே.

ஆனால் வில்லுக்கு ஒரு குணம் உண்டு. அமுக்கினால் எழும்பும், எழும்பினால் மறுபடி தாழும். தானாக அது சீக்கிரம் நிற்காது. இதை வியாபாரிகளுக்குச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. கொக்கியில் தொங்கும் ஸ்பிரிங் தராசில் சரக்கை மாட்டினால், முள் மேலும் கீழும் ஆடி ஆடித்தான் நிற்கும். மேசைமேல் வைக்கும் பழைய முள் தராசில் அப்படி ஆடாது. சரக்கை வைத்ததும் முள் போய் நின்றுவிடும். காரணம், அதனுள்ளே எண்ணெய் ஊற்றிய ஒரு சிறு குப்பியும் அதில் மூழ்கிய தட்டும் இருக்கும். தட்டு எண்ணெயைத் தள்ளிக்கொண்டு நகர வேண்டியிருப்பதால் ஆட்டம் அடங்குகிறது. எண்ணெய் வற்றிப்போன தராசில் முள் ஆடிக்கொண்டே இருப்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

வண்டியில் அந்த எண்ணெய்க் குப்பியின் வேலையைச் செய்வதுதான் ஷாக் அப்ஸார்பர். குழாய்க்குள் எண்ணெய், அதில் பிஸ்டன், பிஸ்டனில் சிறு துவாரங்கள். வண்டி மேலும் கீழும் ஆடும்போது எண்ணெய் அந்தத் துவாரம் வழியாக நெருக்கிக்கொண்டு போக வேண்டும். ஆட்டத்தின் வேகம் அங்கே உஷ்ணமாக மாறிக் கரைந்துவிடும். பெயர்தான் அடியைத் தாங்குவது போல இருக்கிறது. உண்மையில் அடியை வாங்குவது டயரும் வில்லும். வாங்கிய பிறகு வரும் ஆட்டத்தை நிறுத்துவது ஷாக் அப்ஸார்பர்.

இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதிக் குறையை நாமே கண்டுபிடிக்கலாம். நமது வண்டியில் ஆட்டத்தை நிறுத்தும் பாகம் கெட்டிருந்தது. முதல் பட்டறைக்காரர்கள் வில்லை மேலும் விறைப்பாக்கினார்கள். தராசில் எண்ணெய் வற்றியதற்கு ஸ்பிரிங்கை மாற்றியது போலத்தான் அது.

எல்லாக் குலுக்கலும் ஒன்றல்ல

"வண்டி குலுக்குகிறது" என்று மட்டும் சொன்னால் எந்த மெக்கானிக்காலும் சரியாகப் பார்க்க முடியாது. எந்த வகைக் குலுக்கல் என்று முதலில் நாம் பிரித்துச் சொல்ல வேண்டும்.

1. ஊஞ்சல் ஆட்டம்: மேடு பள்ளத்தைத் தாண்டிய பிறகும் வண்டி நொடிக்கு ஒன்று, இரண்டு என்று மெதுவாக ஆடிக்கொண்டே போவது. பிரேக் போட்டால் மூக்குக் குத்துவது, வளைவில் சாய்வது. இது பெரும்பாலும் ஷாக் அப்ஸார்பர் குறை.

2. விறைப்பான தூக்கல்: சிறு கல்லுக்கும் 'டக் டக்' என்று தூக்கிப் போடுவது, ஆனால் உடனே நின்றுவிடுவது. டயரில் காற்று அதிகம், பிளேட் கூடுதல், அல்லது பாரம் ஏற்றும் வண்டி காலியாக ஓடுவது காரணமாக இருக்கும்.

3. அடியில் மோதல்: பாரம் ஏற்றிய வண்டி பள்ளத்தில் இறங்கும்போது 'தட்' என்று இரும்போடு இரும்பு இடிப்பது போன்ற சத்தம். வில் தளர்ந்திருக்கும், அல்லது அளவுக்கு மேல் பாரம் இருக்கும். மோதலைத் தாங்கும் ரப்பர் கட்டை தேய்ந்தோ விழுந்தோ போயிருக்கலாம்.

4. நடுக்கம்: நல்ல ரோட்டிலும் ஒரு குறிப்பிட்ட வேகம் வந்ததும் ஸ்டியரிங்கோ இருக்கையோ நடுங்குவது; வேகம் மாறினால் குறைவது. இது சக்கரம், டயர் சம்பந்தப்பட்டது. வீல் பாலன்ஸ் பார்க்க வேண்டும். இதற்கு ஷாக் அப்ஸார்பர் மாற்றினால் பணம்தான் விரயம்.

5. கடகடப்பு: குதிப்பு அதிகமில்லை, சத்தம்தான் அதிகம். புஷ், ஷேக்கிள், போல்ட் இவற்றில் ஏதோ தளர்ந்திருக்கிறது.

காசில்லாமல் செய்யும் சோதனைகள்

முதலில் காற்று. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடிய டயரில் உஷ்ணத்தால் காற்றழுத்தம் சில பவுண்டு கூடித்தான் காட்டும். எத்தனை பவுண்டு என்பதைப் பெட்ரோல் பங்க் பையனிடம் கேட்கக் கூடாது. வண்டியோடு வந்த கையேட்டிலோ, ஓட்டுநர் கதவருகே ஒட்டிய சீட்டிலோ போட்டிருக்கும். காலி வண்டிக்கு ஒன்று, பாரத்துக்கு ஒன்று என்று தனித்தனியே போட்டிருப்பதும் உண்டு. "பாரம் போகிறது, நல்லா ஏத்து" என்று கண் மதிப்பில் ஏற்றுவதுதான் நம்மவர்களின் பழக்கம். காற்று அதிகமான டயர் பந்து போலத் துள்ளும். நடுவில் மட்டும் தேயும். காற்று குறைந்தால் இரு ஓரமும் தேயும். டயர் சூடாகி வெடிக்கவும் கூடும்.

இரண்டாவது, டயரைக் கையால் தடவிப் பார்ப்பது. வண்டியை நிறுத்தி, உள்ளங்கையை டயரின் மேல்பரப்பில் சுற்றிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பள்ளம் மேடு, பள்ளம் மேடு என்று அலை போலத் தேய்ந்திருந்தால் சக்கரம் தரையில் பதியாமல் தத்திக்கொண்டு ஓடியிருக்கிறது என்று அர்த்தம். ஷாக் அப்ஸார்பரைச் சந்தேகிக்கலாம். ஒரே பக்கம் தேய்ந்தால் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் கட்டி போல வீங்கியிருந்தால் அந்த டயரை அன்றே கழற்றிவிட வேண்டும். டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பருப்பு மூடையின் பேக்கிங் தேதியைப் பார்க்கும் நாம் இதையும் பார்க்கலாமே.

மூன்றாவது, அழுத்திப் பார்ப்பது. சமதளத்தில் காலி வண்டியை நிறுத்தி, ஒரு மூலையில் இரு கைகளையும் ஊன்றி, உடல் எடையைப் போட்டு மூன்று முறை அழுத்திவிட்டுக் கையை எடுக்க வேண்டும். நல்ல நிலையில் இருந்தால் அந்த மூலை ஒரு முறை எழும்பி அப்படியே அமரும். எழும்பி, தாழ்ந்து, மறுபடி எழும்பினால் அந்தப் பக்கம் கெட்டுவிட்டது. நான்கு மூலையையும் பார்த்து ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். இதில் ஓர் எச்சரிக்கை. பிளேட் உள்ள வண்டியில் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதாலேயே ஆட்டம் ஓரளவு அடங்கும். ஆகவே கெட்ட ஷாக் அப்ஸார்பரும் இந்தச் சோதனையில் தேறிவிடலாம். இதை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது.

நான்காவது, ஓட்டிப் பார்ப்பது. ஒருவரை வேகத்தடை அருகே ஓரமாக நிற்கவைத்து, 15, 20 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியை ஓட்டச் செய்யுங்கள். தாண்டிய பிறகு வண்டி எத்தனை முறை ஆடுகிறது, எந்தப் பக்கம் அதிகம் ஆடுகிறது என்பது வெளியே நிற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

ஐந்தாவது, சூடு பார்ப்பது. மேடு பள்ளமான ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, புறங்கையால் ஷாக் அப்ஸார்பரின் உடம்பை ஜாக்கிரதையாகத் தொட்டுப் பார்க்கலாம். சைலன்சர் பக்கத்தில் கை போகக் கூடாது. வேலை செய்யும் ஷாக் அப்ஸார்பர் இளஞ்சூடாக இருக்கும். இடது பக்கம் சூடாகவும் வலது பக்கம் சில்லென்றும் இருந்தால், வலது பக்கம் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெரியவர் சொல்லித்தந்த சோதனை இது.

ஆறாவது, அளந்து பார்ப்பது. சமதளத்தில், சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே உள்ள மட்காட் விளிம்பு வரை டேப் வைத்து அளக்க வேண்டும். இடமும் வலமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்க வில் தளர்ந்திருக்கும், அல்லது உடைந்திருக்கும்.

கீழே பார்க்க வேண்டியவை

ஜாக்கி மட்டும் கொடுத்த வண்டிக்கு அடியில் யாரும் தலையை நுழைக்கக் கூடாது. சக்கரத்துக்குக் கல் வைத்து, ஸ்டாண்ட் போட்ட பிறகே பார்க்க வேண்டும். பட்டறைக் குழியில் பார்ப்பது நல்லது.

ஷாக் அப்ஸார்பரில் எண்ணெய் வழிந்து நனைந்திருக்கிறதா? இலேசான ஈரப்பசையில் தூசி ஒட்டியிருப்பது வேறு, சொட்டுச் சொட்டாக வழிவது வேறு. வழிந்தால் மாற்ற வேண்டியதுதான். மேல், கீழ் முனைகளில் உள்ள ரப்பர் புஷ் வெடித்திருக்கிறதா? பிளேட்டுகளில் ஏதாவது கீறல், உடைப்பு உண்டா? பிளேட்டை அச்சோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட் இறுக்கமாக இருக்கிறதா? பிளேட்டுகளை ஒன்றாகப் பிடித்திருக்கும் சென்டர் போல்ட் உடைந்தால், அச்சே நகர்ந்து வண்டி நண்டு போலச் சாய்வாக ஓடும். பின்னால் வரும் வண்டிக்காரர்தான் அதை முதலில் கவனிப்பார்.

நமது வண்டியில் கண்டது இது: பின்பக்கம் இரண்டு ஷாக் அப்ஸார்பரும் வறண்டு போயிருந்தன. வழிந்த எண்ணெயின் மேல் மாதக்கணக்கில் புழுதி படிந்து காய்ந்திருந்தது. ஒரு பின் டயரில் வீக்கம். காற்று, சீட்டில் போட்டதைவிட மிக அதிகம். அதோடு, புதிதாகப் போட்ட பிளேட். பாரத்தோடு போகும்போது ஊஞ்சல் ஆட்டம். காலியாக வரும்போது கல்லில் பட்ட பந்து. சக்கரம் தரையை விட்டு எழும்பும் நேரத்தில் பிரேக் என்ன பிடிக்கும்? வண்டி நிற்காமல் இழுத்துக்கொண்டு போனதன் காரணம் அதுதான்.

பரிகாரம் என்ன?

கூடுதல் பிளேட்டைக் கழற்றினோம். பின் ஷாக் அப்ஸார்பர் இரண்டையும் மாற்றினோம். புஷ் மாற்றினோம். வீங்கிய டயரைத் தள்ளினோம். காற்றைச் சீட்டில் உள்ளபடி வைத்தோம். மொத்தச் செலவு, அந்தச் சில மாதங்களில் உடைந்த சரக்கின் விலையில் பாதிகூட இல்லை.

வேலை செய்யும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஷாக் அப்ஸார்பரை ஒரே அச்சில் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். எண்ணெய் நிரம்பிய புதிய ஷாக் அப்ஸார்பரை நிமிர்த்திப் பிடித்து, மாட்டுவதற்கு முன் சில முறை நீட்டி அமுக்கி உள்ளே உள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, வண்டி சக்கரத்தின் மேல் நின்று தன் பாரத்தோடு இருக்கும் நிலையில்தான் கடைசியாக இறுக்க வேண்டும். தூக்கி வைத்தபடி இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். பிளேட் வேலை செய்தால், சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு யூ போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும். முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஸ்ட்ரட் இருந்தால் அதைத் தகுந்த கருவியோடு, தெரிந்தவர் மட்டுமே பிரிக்க வேண்டும். அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து.

சில குறுக்கு வழிகளை நாடக் கூடாது. ஸ்பிரிங்கை வெட்டிக் குறைப்பது, சுருளுக்கு இடையே ரப்பர் வளையம் செருகுவது, கண்டபடி பிளேட் சேர்ப்பது, இவை குறையை மறைக்கும், தீர்க்காது. பிளேட் கிறீச்சிடுகிறது என்று பழைய எஞ்சின் ஆயிலை அடிப்பதும் வழக்கம். சத்தம் நிற்கும், ஆனால் அந்த ஆயில் ரப்பர் புஷ்ஷைக் கெடுத்துவிடும்.

உதிரிப் பாகம் வாங்கும்போது பில் கேளுங்கள். நாம் பில் இல்லாத சரக்கைக் கடையில் ஏற்றுவோமா? கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஷாக் அப்ஸார்பரைக் கையால் அமுக்கினால் தடையில்லாமல் போய் வந்தால் கெட்டது. சீராக எதிர்ப்புக் கொடுத்தால், மாற்றியது அவசியம்தானா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

பாரம் ஏற்றுவதில் நம் பங்கு

வண்டி குதிப்பதில் நமது குற்றமும் உண்டு. 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது, முக்கால் டன் பாரத்துக்கு என்றே வந்தது. அதாவது 50 கிலோ சர்க்கரை மூடை பதினைந்து. அந்த வண்டியில் இருபத்தைந்து மூடை ஏற்றி அனுப்புவதைக் கண்ணால் பார்க்கிறோம். அது ஒன்றேகால் டன். குட்டி யானை என்று பெயர் வைத்துவிட்டதால் அது யானை ஆகிவிடாது. ஆர்.சி. புத்தகத்தில் காலி எடையும் மொத்த எடையும் போட்டிருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவதுதான் ஏற்றக்கூடிய பாரம். ஓட்டுநர், உதவியாள் எடையும் அதில் அடங்கும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவு, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது. எந்தச் சரக்கில் அவ்வளவு லாபம் இருக்கிறது?

அடுக்கும் முறையும் முக்கியம். கனமான மூடைகள் கீழே, பின் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் கடைசியில், கதவை ஒட்டி அடுக்கினால் முன்பக்கம் இலேசாகி ஸ்டியரிங் பிடிக்காது. பின்பக்கம் ஏற்றம் ஆடுவது போல் ஆடும். முதல் கடைக்கு இறக்க வசதி என்று ஒரே பக்கம் ஏற்றுவதும் தவறு. பாட்டில், முட்டை, அப்பளம் இவற்றைப் பின் சக்கரத்துக்கு நேர் மேலோ, அதற்குப் பின்னாலோ வைக்காமல் நடுப்பகுதியில் வையுங்கள். இரண்டு அச்சுக்கும் நடுவில்தான் குதிப்பு குறைவு. அட்டைப் பெட்டிகளின் இடைவெளியில் காலிச் சாக்கை மடித்துச் செருகினால் போதும். பாதிச் சேதம் குறையும்.

வேகத்தடை பற்றி ஒரு வார்த்தை. இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி, வளைவான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் தாண்டுவதற்கான அளவு அது. நம் தெருக்களில் அந்த அளவைப் பார்ப்பது அரிது. குறுகலாக, கூராக, வெள்ளைக்கோடுகூட இல்லாமல் இருக்கும். ஆகவே ஓட்டுநர் மெதுவாகத்தான் போக வேண்டும். ஆனால், மெதுவாகப் போக அவருக்கு நேரம் கொடுப்பது நம் பொறுப்பு. பதினொரு மணிக்கு வண்டியைக் கிளப்பிவிட்டு, பன்னிரண்டுக்குள் மூன்று கடையில் இறக்கச் சொன்னால் அவர் என்ன செய்வார்?

சின்னக் கடைக்காரர்களுக்கு

"நம்மிடம் வேன் எங்கே இருக்கிறது?" என்று கேட்கும் நண்பர்கள் பலர். அவர்களுக்கு டிவிஎஸ் வண்டிதான் லாரி. 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்த நாள் முதல் அதுவும் அதன் வாரிசுகளும் மளிகைக்காரரைச் சுமந்து வருகின்றன. அதற்கும் இதே கணக்குத்தான். காற்றைச் சரியாக வையுங்கள். சீட்டை அழுத்திப் பார்த்து ஆட்டம் நிற்கிறதா என்று கவனியுங்கள். பின் ஷாக் அப்ஸார்பரில் எண்ணெய்க் கசிவு இருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். காலடியில் ஒரு மூடை, பின்னால் இரண்டு மூடை, அதற்கு மேல் ஒரு டின் என்று ஏற்றினால் எந்த ஸ்பிரிங்கும் தாங்காது. அந்தக் குலுக்கலை வாங்குவது தங்கள் இடுப்பெலும்புதான். அறுபது வயதில் அது கணக்குக் கேட்கும்; நமக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஒரு நோட்டுப் போடுங்கள்

கடைக்குப் பேரேடு இருப்பது போல வண்டிக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு வேண்டும். மாதம் முதல் தேதி காற்று, டயர், அழுத்திப் பார்த்தது, கசிவு என்று நான்கு வரி. எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், என்ன மாற்றினோம் என்று குறிப்பு. ஷாக் அப்ஸார்பர் இத்தனை கிலோமீட்டர் உழைக்கும் என்று ஒரே கணக்குச் சொல்ல முடியாது. ரோடும் பாரமும் அதை மாற்றிவிடும். ஆகவே சோதனையைத்தான் நம்ப வேண்டும். அது ஒரே நாளில் கெடுவதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். தினமும் ஓட்டுகிறவருக்குக்கூடப் பழகிப்போய்விடும். அவருக்கே பழகாமல், வாய்விட்டுச் சொல்கிறார் என்றால், குறை முற்றிவிட்டது என்று பொருள்.

நோட்டில் கடைசிப் பத்தியை ஓட்டுநருக்கு விடுங்கள். "இந்த வாரம் வண்டியில் என்ன குறை?" என்று கேட்டு அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதுங்கள். நமது கடையில் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

சம்பளத்தில் பிடித்த பணத்தை, வண்டி பட்டறையிலிருந்து வந்த அன்றே தம்பியிடம் திருப்பிக் கொடுத்தோம். அவர் வாங்கத் தயங்கினார். "விடுங்க அண்ணாச்சி, தெரியாமத்தானே" என்றார். தெரியாமல் இல்லை, அவர் சொல்லியும் கேட்காமல்தான் என்பது நமக்குத் தெரியும். கையில் வைத்து அழுத்திக் கொடுத்தோம். அதற்குப் பிறகு அந்த வண்டியில் பாட்டில் உடைந்து வரவில்லை.

வண்டியில் போவது சரக்கு மட்டும் அல்ல. ஒரு வீட்டுப் பிள்ளை அதை ஓட்டுகிறார். இன்னொரு வீட்டுப் பிள்ளை ரோட்டில் எதிரே வருகிறது. இந்த இதழை மடித்து வைத்துவிட்டு, கடை வாசலில் நிற்கும் வண்டியின் பின் மூலையை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். மூன்று முறை ஆடினால் அன்றே பட்டறைக்கு அனுப்புங்கள்.